ஊதாதிருக்கும் வேளை

டிரம்பெட், டிரம்போன், ஹார்ன், டியூபா முதலிய பித்தளைக் கருவிகளைக் கையாளும் மாணவ மணிகளுக்கு உரக்க ஊதுவதற்குப் பயிற்சி உண்டு. ஊதாமல் அமர்ந்திருப்பதற்குப் பயிற்சி உண்டா? இவ்வினா நம் உள்ளத்தில் எழக் காரணம் ஒரு பள்ளி விழா. மெல்லிய புல்லாங்குழலிசை நடந்துகொண்டிருந்தது. அவ்வேளையில் ஒரு சிறுவனின் மடியிலிருந்து ‘மியூட்’ எனும் அலுமினிய ஓசையடக்கி நழுவி, மரமேடையில் வீழ்ந்து, படிப்படியாக உருண்டு இறங்கியது. அரங்கம் சிரித்தது; சிறுவன் அழுதான். பின்னர் அவனையே கடிந்துகொண்டனர். நாம் அவன் பக்கமே நிற்கிறோம். அதனை எங்கே வைப்பது என்று அவனுக்கு எவரும் கற்பித்திலர். நாற்காலியின் அடியில் மடித்த துணியொன்றை விரித்து, அதன்மீது கிடத்தினால் போதும். இதற்கு ஐம்பது காசும் செலவாகாது!

காத்திருத்தல் எத்துணைக் கடினம் என்பதற்கு ஒரு சான்று. 1876ஆம் ஆண்டு முதன்முதலாக அரங்கேறிய பிராம்ஸின் முதலாம் சிம்பொனியில் மூன்று டிரம்போன்கள் உள்ளன. முதல் மூன்று பகுதிகளில் அவற்றுக்கு ஒரு சுரமும் இல்லை. ஏறத்தாழ அரைமணி நேரம் வாளாவிருந்துவிட்டு, நான்காம் பகுதியில் அவை நுழைதல் வேண்டும். அதுவும் முழக்கமாக அன்று, மென்மையாக. குளிரூட்டிய அரங்கில் அதற்குள் கருவி குளிர்ந்துவிடும். உள்ளிருக்கும் காற்றுக் குளிர்ந்தால் சுருதி தாழும். ஆதலின் தேர்ந்த கலைஞர், உதடுகளை அதிரவிடாது, வெதுவெதுப்பான மூச்சை மட்டும் குழாயினுள் செலுத்திக்கொண்டிருப்பர். அவையோர்க்கு ஒன்றும் கேளாது.

கருவியிலிருந்து நீரை வெளியேற்றும் மாணவனைக் கண்டு, “எச்சில் துப்புகிறான்” என முகஞ்சுளிக்கும் பெற்றோரும் உளர். அது பெரும்பாலும் எச்சிலன்று. சோற்றுப்பானை மூடியில் நீர் கோப்பதுபோல, மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த உலோகத்திற் பட்டுத் துளியாகிறது. தேங்கினால் ‘களகள’வென ஓசை எழும், நீக்கியே ஆகவேண்டும். ஆனால், குழு முழுவதும் முழங்கும் நேரம் பார்த்து, சிறு திறப்பை விரலால் மெல்ல அழுத்தி, துணியின்மேல் விடுதல் நன்று. திறப்பை ‘டக்’கென மூடலாகாது.

காலால் தாளந்தட்டுதல், அண்டை மாணவனோடு முணுமுணுத்தல், பிழைவிட்டவனைத் திரும்பி நோக்குதல் ஆகியவற்றுள் இறுதியானதையே நாம் பெரிதும் வெறுக்கிறோம். அவையோர் அறியாத பிழையை அப்பார்வையே பறைசாற்றிவிடுகிறது அன்றோ?

தொடக்கப்பள்ளிச் சிறார்க்கு இவை மிகை என்பாரோடு நாம் உடன்படோம். வால்வை அழுத்தக் கற்கும் வாரத்திலேயே இதனையும் கற்பிக்கலாம். ஒத்திகையில் பத்து நிமிடம் ஒதுக்குக. குழலும் கிளாரினெட்டும் இசைக்கட்டும். பித்தளைப் பிரிவினர் ஓசையின்றி எண்ணியிருந்து, ஆசிரியரின் கையசைவில் ஒருசேரக் கருவிகளை உயர்த்தட்டும். அடுத்த விழாவில் அச்சிறுவனை மீண்டும் அதே இருக்கையில் அமர்த்துமாறு அப்பள்ளியாரைக் கேட்டுக்கொள்கிறோம்.