விறாந்தைச் செடியும் ஆண்டின் வெயிலும்

வீட்டினுள்ளே சாடியில் வளரும் செடியொன்று வாடக் கண்டால் நாம் முதலிற் செய்வது யாது? நீர் ஊற்றுவதே. இரண்டு நாளில் அது தேறாவிடின் இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறோம். செடி வேண்டியது நீரன்று, ஒளி என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஒளி குறைந்த மூலையில் நிற்கும் செடி நீரைக் குறைவாகவே உறிஞ்சும். எஞ்சிய நீர் மண்ணிலே தேங்கி வேரை அழுகச் செய்யும். இவ்வாறு நமது அன்பினாலேயே மாண்டுபோகும் செடிகள் பல.

ஒளியை அளப்பதில் நம் கண் நம்பத்தகுந்த சாட்சியன்று. இருளுக்கேற்பக் கண்மணி விரிந்துகொள்வதால், அறையின் மூலையும் நமக்குப் போதிய வெளிச்சமுடையதாகவே தோன்றும். வெளியே நண்பகல் வெயிலில் ஒளியின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். யன்னலிலிருந்து தள்ளிய மூலையிலோ சில நூறு லக்ஸ் மட்டுமே. நாம் பத்திரிகை வாசிக்க அது போதும். பெரும்பாலான செடிகள் உணவாக்க அது போதாது.

ஆகவே கண்ணை விடுத்து நிழலைக் கேட்போம். நண்பகலில் இலைகளுக்கு ஓரடி மேலே கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். விளிம்பு தெளிந்த கரிய நிழல் விழுந்தால் ஒளி மிகுதி. மங்கிய நிழலாயின் நடுத்தரம். நிழலே தெரியாவிடின் குறைவு. குரோட்டனுக்கு மிகுந்த ஒளி வேண்டும். இன்றேல் அதன் செம்மையும் மஞ்சளும் மங்கிவிடும். அந்தூரியத்துக்கும் பன்னத்துக்கும் நடுத்தர ஒளி பொருந்தும். கடும் வெயில் பட்டால் இலை கருகும். மணிப்பிளாண்ட் குறைந்த ஒளியிலும் உயிர்வாழும். ஆயின் அதன் இலையிலுள்ள பொன்வரிகள் குறைந்துபோம்.

ஓரிடத்தை ஒருமுறை தெரிந்து சாடியை வைத்துவிட்டாற் போதுமோ? போதாது. நாம் பூமத்தியரேகைக்கு வடக்கே, கடகரேகைக்குத் தெற்கே வாழ்பவர்கள். ஆதலால் ஆண்டில் இருமுறை சூரியன் நம் உச்சிக்கு நேரே வருகின்றது. யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் இறுதியிலும், கொழும்பில் ஏப்பிரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் இது நிகழும். இவ்விரு வேளைகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகற் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். ஏனைய மாதங்களில் தெற்கே நிற்கும். வடக்கு யன்னலுக்கு நேர்வெயில் அரிது என்னும் குளிர்நாட்டு நூல்களின் விதி நமக்குப் பொருந்தாமை இதனாலேயே.

இதனைக் கணக்காகவும் காட்டலாம். யாழ்ப்பாணத்திலே கூரையின் விளிம்பு எட்டடி உயரத்திலிருக்கும் விறாந்தையைக் கொள்வோம். டிசெம்பர் 22 அளவில் நண்பகல் வெயில் தெற்கு விறாந்தையில் ஐந்தடிக்குச் சற்று மேலாக உள்ளே புகும். யூன் 21 அளவில் வடக்கு விறாந்தையில் அது இரண்டடியே புகும்; காலை மாலைச் சாய்வெயில் இன்னும் உள்ளே வரலாம். எனவே மார்கழியில் தெற்கு விறாந்தையின் அந்தூரியத்தைச் சுவரோரம் ஒதுக்க வேண்டும். குரோட்டனை முன்னே நகர்த்தலாம். மாரிமுகில் நாட்கணக்காக மூடியிருக்கும்போது வீட்டினுள்ளே உள்ள சாடிகளை யன்னலருகே கொணர்ந்து, நீரையும் குறைத்தல் நன்று. நிழலிற் பழகிய செடியை ஒரே நாளில் வெயிலில் வைத்தலாகாது. பத்து நாட்களில் சிறிது சிறிதாக நகர்த்துக.

செடி ஒளியை நோக்கி வளைவதேன்? சார்ள்ஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் 1880ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, புல்நாற்றின் நுனியை மூடிவிட்டால் அது ஒளியை நோக்கி வளைவதில்லை என்று காட்டினர். நுனியில் உண்டாகும் ஒட்சின் என்னும் பொருள் நிழற்பக்கத்திற் சேர, அப்பக்கம் கூடுதலாக நீள்கின்றது. செடி மறுபக்கம் சாய்கின்றது என்பது பின்னர் விளங்கியது. வாரந்தோறும் சாடியைக் கால்வட்டம் திருப்பினால் செடி நிமிர்ந்து வளரும். இலைமேற் படிந்த தூசியை ஈரத்துணியால் துடைத்தலும் ஒளியைக் கூட்டுவதேயாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருவோம். ஒவ்வொரு மாதமும் முதலாந் தேதி நண்பகலில், விறாந்தைத் தரையில் வெயில் எட்டும் எல்லையை ஒரு கோட்டாற் குறித்து, மாதத்தின் பெயரையும் எழுதி வையுங்கள். முகில் மூடினால் மறுநாட் குறிக்கலாம். பூமிசாத்திரப் பாடத்திற் படித்தது காலடியிலே தெரியும். செடி தானாக எழுந்து ஒளியைத் தேடிச் செல்ல இயலாதது. அதற்காக நடக்க வேண்டியவர்கள் நாமே. எந்தச் சாடியை எந்த மாதம் நகர்த்துவது என்பதை அடுத்த ஆண்டு அக்கோடுகளே கூறும்.