கொலுவிலே குயவன் எங்கே?

கொலு என்ற சொல்லுக்குப் பொம்மை என்று பொருளல்ல, தோழர்களே! அரசன் அரியணையில் அமர்ந்து, அமைச்சரும் படைத்தலைவரும் புடைசூழ ஆணையிடும் அவை, அதுதான் கொலு. புரட்டாசி பிறந்துவிட்டால், மயிலையின் வடக்கு மாட வீதியிலே அந்த அவை விற்பனைக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து தியாகராய நகருக்கும் அடையாற்றுக்கும் பயணமாகிப் படிகளில் ஏறி அமர்கிறது. மேற்படியிலே தெய்வங்கள், நடுவிலே மன்னர்களும் மகான்களும், அடியிலே கடை விரித்த செட்டியார்! எல்லோருக்கும் இடமுண்டு. ஆக்கியவனுக்கு?

"குயவன் பொம்மைகூட வைத்திருக்கிறோமே!" என்பர் சிலர். பொம்மை உண்டு, பெயர் உண்டா? காஞ்சியிலும் பண்ருட்டியிலும் கடலூர் வண்டிப்பாளையத்திலும் குடும்பம் குடும்பமாகக் களிமண் பிசைந்து, சூளையில் வெந்து, வண்ணம் தீட்டுகிறார்களே, அவர்களில் ஒருவர் பெயரேனும் பொம்மையின் அடியிலே உண்டா?

அரசவையை மண்ணிலே காட்டியோர் நாம் மட்டுமல்லர். நடு அமெரிக்காவிலே, இன்றைய குவாத்தமாலாப் பகுதியிலே வாழ்ந்த மாயர்கள், கி.பி. 600 முதல் 900 வரை, குடிகலங்களிலே அரசவை வாழ்வைத் தீட்டினர். அரியணையில் மன்னன், எதிரே கண்ணாடி ஏந்திய பணியாள், காலடியிலே திறைப்பொருள், கட்டுண்ட கைதிகள்! விளிம்பிலே எழுத்து: கலம் யாருடையது, எதைப் பருகுவதற்கு என்று. ரியோ அசூல் என்னுமிடத்தில் 1984இல் கிடைத்த கலத்திலே கொக்கோ என்ற சொல் இருந்தது. உள்ளே ஒட்டியிருந்த கசடும் கொக்கோவே என்று வேதியியல் ஆய்வு மெய்ப்பித்தது.

சில கலங்களிலே ஓவியன் பெயரும் உண்டு. மகிழ்ந்துவிடாதீர்! நரஞ்சோ நகர ஓவியன் ஒருவன் தன் பெற்றோரையும் குறித்திருக்கிறான். தந்தை அந்நாட்டு மன்னன்! அரசிளங்குமரன் தூரிகை பிடித்தால் பெயர் நிற்கிறது. மண் வெட்டியவன் பெயரும் கொக்கோ பறித்தவன் பெயரும் எங்கே? மாயருக்கும் மயிலைக்கும் கடல்கள் குறுக்கே கிடக்கின்றன. ஆனால், அவை இரண்டிலும் உழைத்தவன் வாயிலுக்கு வெளியேதான்!

நம் பழைய மண்ணோ வேறு கதை சொல்கிறது. கீழடியின் நான்காம் கட்ட அகழாய்வில் 56 தமிழி எழுத்துப் பானை ஓடுகள் கிடைத்ததாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. ஆதன், குவிரன் ஆதன் என்று பெயர்கள்! பட்டம் இல்லை, சாதி வால் இல்லை. வீட்டுப் பானையிலே பெயர் கீறிய நாடு இது.

அதுமட்டுமா? வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை நோக்கி, உன்னிலும் நல்லவன் உன்னிடம் தோற்று, புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் என்று பாடினார் வெண்ணிக் குயத்தியார். புறநானூற்றின் 66ஆம் பாட்டு அது. வெற்றிவேந்தன் முகத்துக்கு நேரே நீதி உரைத்த குயத்தி! அவருடைய இயற்பெயர் தெரியுமா உமக்கு? யாருக்கும் தெரியாது. ஊரும் தொழிலும் நின்றன, பெயர் உதிர்ந்தது. வீழ்ச்சி அங்கேயே தொடங்கிவிட்டது!

"பக்திப் பொருளுக்குப் பெயர் எதற்கு?" என்பார்கள். கோயிலுக்கு ஒரு குழல்விளக்கு தந்தவன், வெளிச்சமே மறையும்படி தன் பெயரை எழுதிவைக்கிறானே, அங்கே பக்தி குறைந்ததா? கொடுத்தவனுக்குப் பெயர் வேண்டும். படைத்தவனுக்கு மட்டும் வேண்டாமா? இது பக்தியல்ல, கைத்தொழிலைக் கீழ்ச்சாதிக்கென ஒதுக்கி, கையை இகழ்ந்து, கைப்பொருளை வணங்கும் வருணப் புத்தி!

தோழர்களே! மாட வீதிக்குச் செல்லுங்கள். பொம்மையை எடுங்கள், திருப்பிப் பாருங்கள், செய்தவர் யார் என்று கேளுங்கள். கடைக்காரர் விழிப்பார்; விழிக்கட்டும்! அடுத்த ஆண்டு பெயர் பொறித்து வரட்டும். அதற்குத் தேவை ஒரு துளி மை.

அந்த ஒரு துளியைக்கூடத் தர மறுக்கும் கொலு, ஒன்பது படியென்ன, தொண்ணூறு படி ஏறினாலும் உயர்ந்ததாகாது!