பொம்மை ரயிலும் ஆராய்ச்சிதான்

மாணவ நண்பர்களே, பொம்மை ரயில் செய்வது சிறுபிள்ளை விளையாட்டு என்று உங்களில் பலர் எண்ணலாம். கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கும் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஒரு சுரங்க ரயில் பாதைக்கு மாதிரி அமைக்கத் திட்டம் வரைய உட்கார்ந்த பிறகே என் எண்ணம் மாறியது.

நான் எடுத்துக்கொண்டது, அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் ஓடிய சில்வர்ட்டன் நார்தர்ன் பாதையின் கடைசிப் பகுதி. ஆட்டோ மியர்ஸ் என்பவர் அமைத்த பாதை இது. 1896இல் யுரேகா வரை சென்ற இந்தப் பாதை, 1904இல் அனிமாஸ் ஃபோர்க்ஸ் வரை நீட்டப்பட்டது. நீட்டிய தூரம் சுமார் 4 மைல்தான். ஆனால், போய்ச் சேரும் இடம் கடல் மட்டத்திற்கு மேல் 11,000 அடியைத் தாண்டிய உயரத்தில் உள்ளது.

தண்டவாளங்களின் இடைவெளி 3 அடி. அந்நாட்டின் பொதுவான பாதையிலோ 4 அடி 8½ அங்குலம். இடைவெளி குறைவாக இருந்தால் நெருக்கமான வளைவுகளை அமைக்கலாம். மலையை வெட்டும் செலவும் குறையும். இங்கே ஏற்றம் ஏறத்தாழ 7 சதவீதம். அதாவது, 100 அடி செல்வதற்குள் 7 அடி ஏற வேண்டும். 20 டன் எடையுள்ள வேகன் ஒன்று இந்தச் சரிவில் பின்னோக்கி வராமல் நிற்கவே சுமார் 1,400 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும். ஆகவே, உங்கள் மாதிரியில் ஒரு சிறிய என்ஜின் பத்து வேகன்களை இழுத்துக்கொண்டு மேலேறினால், அது பார்க்க அழகாக இருக்கலாம், உண்மையாக இராது.

இனி, அளவைச் சுருக்குவோம். 87இல் ஒரு பங்கு என்று கொண்டால் 3 அடி இடைவெளி 10.5 மில்லிமீட்டர் ஆகிவிடும். 4 மைல் 74 மீட்டர் ஆகும். அவ்வளவு நீளமான அறை யாரிடம் இருக்கிறது? எனவே தூரத்தை வெட்டத்தான் வேண்டும். ஆனால் சரிவு ஒரு விகிதம். அளவைச் சுருக்கினாலும் அது மாறாது. 3 மீட்டர் மேசையில் பாதை 21 சென்டிமீட்டர்தான் உயர வேண்டும்.

நான் சறுக்கிய இடம் வேறு. அனிமாஸ் ஃபோர்க்ஸில் கோல்ட் பிரின்ஸ் என்ற பெரிய தாது ஆலையையும், யுரேகாவில் பிற்காலத்துச் சன்னிசைடு ஆலையையும் ஒரே படத்தில் வரைந்துவிட்டேன். பிறகு ஆண்டுகளை ஒப்பிட்டபோதுதான் உண்மை தெரிந்தது: 1917இல் முதல் ஆலையைப் பிரித்து, அதன் பெரும்பகுதியைக் கொண்டுபோய்த்தான் இரண்டாவது ஆலையைக் கட்டினார்கள்! ஒரே கட்டுமானம் ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் நிற்குமா? மாதிரி செய்பவன் முதலில் ஓர் ஆண்டைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

பள்ளிக் கண்காட்சிகளில் வண்ணம் பூசிய மாதிரிகளுக்கே பரிசு கிடைப்பதைப் பார்க்கிறேன். இது சரியல்ல என்பது என் கருத்து. ஒவ்வொரு மாதிரியின் அருகிலும் ஒரு தாள் இருக்கட்டும். சான்றால் அறிந்தது எது, இடம் போதாமல் சுருக்கியது எது, ஊகித்தது எது என்று அதில் எழுதுங்கள். ஆசிரியர்கள் முதலில் அந்தத் தாளுக்கு மதிப்பெண் தரட்டும். ஊகத்தை ஊகம் என்று ஒப்புக்கொள்ளப் பழகியவனே நாளை சோதனைச்சாலையிலும் நேர்மையாக இருப்பான்.