விஸ்கிக்குச் சாப்பாட்டு மேசையில் இடமுண்டு

உணவோடு குடிக்க ஒயின், உணவுக்கு முன்போ பின்போ குடிக்க விஸ்கி. இந்த வரிசையைச் சட்டம்போலச் சொல்பவர்கள் ஏராளம். விஸ்கி நாக்கை மரத்துப்போகச் செய்துவிடும், சாப்பாட்டின் ருசி கெடும் என்பது ஒயின் பக்தர்களின் வாதம். சிங்கிள் மால்ட் பிரியர்கள் எதிர்த்திசையிலிருந்து வந்து அதே இடத்தில் நிற்கிறார்கள்: பதினெட்டு வருடம் பீப்பாயில் கிடந்த ஒன்றைக் கறித்துண்டோடு குடிப்பது அதை அவமதிப்பதாம். நம்மூர்க் குடிமேசையில் இதற்கு மூன்றாவது வடிவம் உண்டு. முதலில் சரக்கு, சோறு அப்புறம். வயிற்றில் ஏதாவது இருந்தால் ஏறாது. மூன்றுமே தவறு என்பதுதான் என் கட்சி. மூன்றாவது ஆபத்தும்கூட.

நாக்கு மரத்துப்போகும் என்ற குற்றச்சாட்டை முதலில் பார்க்கலாம். 40 சதவீத ஆல்கஹாலை அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டால் மரத்துத்தான் போகும். யார் அப்படிக் குடிக்கச் சொன்னது? இந்தியாவில் விற்கும் விஸ்கி பெரும்பாலும் 42.8 சதவீதம். அதில் 30 மில்லி எடுத்து 120 மில்லி சோடா சேர்த்தால் கோப்பையில் இருப்பது எட்டரை சதவீதம் சொச்சம். ஒயினோ 12 முதல் 14 சதவீதம். நாக்கைக் கெடுப்பது எது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒயின்தான் முதலில் எழுந்து பதில் சொல்ல வேண்டும்.

தண்ணீர் விட்டால் விஸ்கியின் குணம் போய்விடும் என்பார்கள். விஸ்கி கலவை வல்லுநர்கள் மாதிரிகளை முகர்வதே பெரும்பாலும் ஆல்கஹால் 20 சதவீதமாகக் குறையும் அளவுக்கு நீர் சேர்த்த பிறகுதான். 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் கணினி மாதிரிகளின் வழியே ஒன்றைக் காட்டினார்கள். புகைவாசம் தரும் குவாயகால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் அளவு 45 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது திரவத்தின் மேற்பரப்பில் கூடுகிறது. 59 சதவீதத்துக்கு மேலே போனால் ஆல்கஹாலுக்குள் அமிழ்ந்துவிடுகிறது. மேற்பரப்புக்கு வந்த மணம்தான் மூக்குக்கு வரும். தண்ணீர் விஸ்கிக்கு எதிரி என்று சொல்ல இனி எந்த அடிப்படையும் இல்லை.

நீர் சேர்க்காமல், எதையும் தொட்டுக்கொள்ளாமல் தியானம்போலக் குடிப்பது ஆதிகாலத்து மரபு என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வயது மிகக் குறைவு. ஸ்காட்லாந்தின் கிளென்ஃபிடிக் வடிசாலை தன் சிங்கிள் மால்ட்டை வெளிநாடுகளில் முனைந்து விற்கத் தொடங்கியது 1963இல். ஆறு வட்டாரங்களுக்கு ஆறு மால்ட் என்று ஒரு பெருநிறுவனம் வரிசைப்படுத்தியது 1988இல். அதற்கு முன்னால் உலகம் குடித்தது பெரும்பாலும் கலவை விஸ்கியும் சோடாவும்தான். விற்பனைத் துறை நேற்று உருவாக்கிய பாணியை வேதமாக்கி, அதைக் காட்டி அடுத்தவன் கோப்பையைக் கேலி செய்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஜப்பானியர்களுக்கு இந்தத் தயக்கம் இருந்ததில்லை. ஷின்ஜிரோ டோரி 1923இல் யாமசாகியில் வடிசாலை தொடங்கினார். 1929இல் வந்த அவருடைய முதல் விஸ்கியைப் புகைநெடி அதிகம் என்று மக்கள் ஒதுக்கினார்கள். 1937இல் வந்த காகுபின் மென்மையாக இருந்தது, நிலைத்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகு வருகிறது. 1970களில் டோரி தொடங்கிய சன்டோரி நிறுவனம் சூஷிக் கடைகளுக்குள்ளும் டெம்புராக் கடைகளுக்குள்ளும் விஸ்கியைக் கொண்டுபோக ஒரு திட்டம் போட்டது. உண்ணும் இரு குச்சிகளையே அதற்குப் பெயராக வைத்தார்கள். சாக்கேயும் பியரும் மட்டுமே இருந்த இடத்தில் தண்ணீர் கலந்த விஸ்கி நுழைந்தது. பச்சை மீனுக்குப் பக்கத்தில், சோயா சாஸ் கிண்ணத்துக்குப் பக்கத்தில்! 1983க்குப் பிறகு அங்கே விஸ்கி விற்பனை கால் நூற்றாண்டு சரிந்துகொண்டே போனது. 2008 வாக்கில் அதைத் தூக்கி நிறுத்தியதும் சாப்பாட்டு மேசைதான். நிறைய ஐஸ், நிறைய சோடா, பக்கத்தில் பொரித்த கோழி. எண்ணெய்ப் பிசுக்கைச் சோடாவின் குமிழி அறுக்கிறது. பீப்பாய் மரத்திலிருந்து வந்த வனிலா வாசம் பொரித்த மாவின் மணத்தோடு போய் ஒட்டுகிறது. மீன் சமைப்பதில் இவ்வளவு நுணுக்கம் பார்க்கும் ஒரு சமூகம் விஸ்கியைத் தட்டோரம் வைத்திருக்கிறது என்றால், ருசி கெடும் என்று சொல்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

கடலுணவு என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் ஜப்பானின் மெர்சியன் ஒயின் நிறுவன ஆய்வாளர்கள், சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்துதான் கடலுணவோடு சேரும்போது மீன்வாடையைக் கிளப்புகிறது என்று நிறுவினார்கள். உணவுக்கென்றே பிறந்ததாகச் சொல்லப்படும் பானத்துக்கும் ஒவ்வாமை உண்டு.

விஸ்கியின் பிறந்த வீட்டிலும் சாப்பாடு விலக்கப்படவில்லை. ஸ்காட்லாந்தில் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளான ஜனவரி 25 அன்று ஹாகிஸ் பரிமாறுவார்கள். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம், மிளகோடு சேர்த்து வேகவைத்த பதார்த்தம். கூடவே வருவது விஸ்கி. சிலர் ஹாகிஸ் மேலேயே ஊற்றிக்கொள்வார்கள். ஐலா தீவில் பச்சைச் சிப்பியின் மேல் சிங்கிள் மால்ட்டை ஊற்றி உண்ட அனுபவத்தை ஜப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமி 1999இல் வெளியான தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். அந்தத் தீவின் விஸ்கியில் உள்ள புகையும் சிப்பியின் உப்பும் சேர்வதை எந்த ஒயினாலும் தர முடியாது என்றே நினைக்கிறேன்.

இனி நம் பக்கம். விஸ்கிக்குக் காரமான சைட் டிஷ்தான் பொருத்தம் என்று தமிழ்நாட்டில் ஊறிப்போயிருக்கிறது. ஊறுகாய், மிளகாய் பஜ்ஜி, சிவக்கச் சிவக்கச் சில்லி சிக்கன். மிளகாயின் எரிச்சலை நரம்புக்குச் சொல்லும் அதே உணர்வேற்பியைத்தான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. சாதாரணமாக 42 டிகிரி வெப்பத்தில் விழித்துக்கொள்ளும் அது, ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழிக்கிறது என்பது 2002இல் ஆய்வில் தெரியவந்தது. அதாவது உடல்சூடே சுடுகிறது. இரண்டு நெருப்பை ஒன்றாகப் போட்டுவிட்டு, ருசி தெரியவில்லை, விஸ்கி என்றாலே அப்படித்தான் என்று முடிவுகட்டுகிறோம்.

அதைவிடப் பெரிய கேடு வெறும் வயிறு. ஆல்கஹாலைப் பெரும்பகுதி உறிஞ்சுவது சிறுகுடல். இரைப்பையில் உணவு இருந்தால் ஆல்கஹால் குடலுக்கு மெதுவாகத்தான் இறங்கும்; ரத்தத்தில் ஏறும் உச்ச அளவு குறையும். ஏறாது என்று நம் ஆட்கள் குறை சொல்வது இதைத்தான். சீக்கிரம் ஏறுவதற்காகப் பட்டினி வயிற்றில் ஊற்றி, தள்ளாடிக்கொண்டே போய்ப் பரோட்டாவைப் பிய்த்துப் போடும் வழக்கம் எத்தனை வீடுகளின் இரவைக் கெடுத்திருக்கிறது! உணவு கல்லீரலைக் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. குடித்த அளவு குடித்த அளவுதான். ஆனால் கூடவே சாப்பிடுபவன் மெதுவாகக் குடிப்பான். பெரும்பாலும் குறைவாகவும் குடிப்பான்.

எல்லாச் சாப்பாட்டுக்கும் விஸ்கி பொருந்தும் என்பதும் பொய். புளிக்குழம்போடும் ரசத்தோடும் அது சண்டைதான் போடும். தயிர்சாதத்தின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஆனால் மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டி வறுத்த ஆட்டீரல், மட்டன் கோலா உருண்டை, முந்திரி அரைத்துவிட்ட குருமா, உப்பும் மஞ்சளும் மட்டும் தடவிப் பொரித்த வஞ்சிரம் ஆகியவை நீர் விட்ட விஸ்கிக்காகவே காத்திருப்பவை. ஷெர்ரி பீப்பாயில் முதிர்ந்ததைக் கோலா உருண்டையோடும், புகைவாசம் உள்ளதை வஞ்சிரத்தோடும் வைத்துப் பார்க்கலாம். பெங்களூரின் அம்ருத் சிங்கிள் மால்ட் 2004இல் கிளாஸ்கோவில் அறிமுகமானபோது முதலில் குறிவைக்கப்பட்டதே பிரிட்டனின் இந்திய உணவகங்கள்தான். கறிக்கு பியர் என்று ஊறிப்போன இடம் அது. இருந்தும் அந்த எண்ணம் சரியானது.

சென்னையின் பெரிய ஓட்டல்களில் சாப்பாடு வந்ததும் விஸ்கிக் கோப்பையை எடுத்துப்போகக் கைநீட்டுகிறார்கள். ஒயினுக்குப் பக்கம் பக்கமாகப் பொருத்தம் எழுதும் மெனு அட்டையில் விஸ்கிக்கு ஒரு வரி கிடையாது. கோப்பையை மேசையிலேயே விடுங்கள், ஒரு குவளைத் தண்ணீரும் வையுங்கள். எந்த வறுவலுக்கு எந்த விஸ்கி, எத்தனை பங்கு நீர் என்று உங்கள் சமையல்காரர் ருசித்துப் பார்த்து எழுதட்டும்.