கணக்குக் கேட்குமுன்...

"வேலையாட்களுக்குப் பொறுப்புணர்ச்சி இல்லை" என்பது தொழில் நடத்துவோர் பலரும் கூறும் குறையாகும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளிலும் பூவிருந்தவல்லிப் பகுதியின் கிடங்குகளிலும் மேற்பார்வைப் பணியிலுள்ள நம் சகோதரர்கள், அவ்வாறு குறை கூறுமுன் தம்மையே வினவிக்கொள்வது நலம்: பிறர் பொறுப்பேற்கும் வண்ணம் நாம் பேசினோமா?

மனிதர் ஒவ்வொருவரையும் மேய்ப்பருக்கு ஒப்பிட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தம் பொறுப்பில் உள்ளவை குறித்து அவரவர் விசாரிக்கப்படுவர் என எச்சரித்தார்கள். அந்த விசாரணை பணியாளுக்கு உண்டு, தலைவருக்கும் உண்டு.

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டில் நிகழ்ந்த உஹதுப் போரை எண்ணிப் பாருங்கள். ஐம்பது வில்லாளிகளைக் குன்றின்மேல் நிறுத்திய நபிகளார், வெற்றி வரினும் தோல்வி வரினும் அவ்விடம் விட்டு அகலலாகாது என ஐயத்துக்கு இடமின்றிக் கட்டளையிட்டார்கள். பகைவர் பின்வாங்கக் கண்டதும் பெரும்பாலோர் போர்ப்பொருளை நாடி இறங்கினர். ஏறத்தாழ எழுபது தோழர்கள் உயிர்நீத்தனர், நபிகளாரும் காயமுற்றார்கள். திருக்குர்ஆனின் மூன்றாம் அத்தியாயம் அத்தவற்றை மறைக்கவில்லை. ஆயினும் தவறியோரை மன்னிக்குமாறும், அவர்களோடு கலந்தாலோசிக்குமாறும் அதே அத்தியாயம் நபிகளாரைப் பணித்தது. கடுமை காட்டியிருந்தால் அவர்கள் கலைந்து போயிருப்பர் என்றும் உணர்த்தியது.

தொழிலுலகம் கண்ட அனுபவமும் இதுவே. அம்பத்தூரை அடுத்த பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனமொன்று அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. பரிசுக்குப் பெயர் தந்த அமெரிக்க அறிஞர் டெமிங், ஆலையிலிருந்து அச்சத்தை அகற்ற வேண்டும் என வற்புறுத்தியவர். குறைகளில் பெரும்பகுதி நிர்வாகம் வகுத்த முறையிலிருந்தே விளைகிறது என்றும் கூறியவர்.

பிரேக் உறுப்பில் விரிசல் கண்ட ஒரு தொழிலாளி, ஏச்சுக்கு அஞ்சி வாய் மூடினால் விளைவு என்ன? எங்கோ ஒரு சாலையில் ஒரு குடும்பம் அநாதையாகலாம். உண்மை சொன்னவன் தண்டிக்கப்படும் ஆலையில் அடுத்த உண்மை மேலாளரின் செவிக்கு எட்டுவதில்லை.

கண்டிப்பே கூடாது என்பதன்று நம் கருத்து. எது, எப்போது, யார் பொறுப்பு என்பதை முதலிலேயே தெளிவாகக் கூறுங்கள். தவறு நேர்ந்தால் பலர் முன்னிலையில் இழிவுபடுத்தாது, தனியே அழைத்துக் காரணம் கேளுங்கள். அதன் பின்னரும் அலட்சியம் தொடருமாயின் நடவடிக்கை எடுப்பது நீதியேயாகும்.

கணக்குக் கேட்பவரும் ஒருநாள் கணக்குக் கொடுக்க நிற்பவரே. அந்நாளை மறவாது பேசும் நாவை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!