டயரின் பருமனா, காற்றின் அழுத்தமா?

சைக்கிளில் பள்ளிக்கு வரும் மாணவர்களிடையே ஒரு வாதம் அடிக்கடி எழுவதுண்டு. மெல்லிய டயர் போட்ட வண்டிதான் பறக்கும் என்பார் ஒருவர். பெரிய பெரிய பட்டன்கள் வைத்த தடித்த டயர்தான் உறுதி என்பார் மற்றவர். வாதம் முற்றி, வீட்டில் அப்பாவிடம் புது வண்டி கேட்டு அடம்பிடிப்பதில் போய் முடிவதும் உண்டு. பணம் கேட்குமுன் இயற்பியல் புத்தகத்தைக் கொஞ்சம் கேட்டுப் பார்ப்போமே!

நீங்களும் வண்டியும் புத்தகப் பையும் சேர்ந்து 70 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். இதில் பாதிக்கும் மேல், சுமார் 42 கிலோ, பின்சக்கரத்தின்மீது விழும். டயருக்குள் காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ என்றால், இந்தச் சுமையைத் தாங்க டயர் ஏறத்தாழ 14 சதுர சென்டிமீட்டர் பரப்பில் தரையைத் தொட வேண்டும். டயர் மெல்லியதாயினும் தடித்ததாயினும், அழுத்தம் ஒன்றாக இருக்கும்வரை இந்தப் பரப்பு அதிகம் மாறாது. அதன் வடிவம் மட்டுமே மாறும். மெல்லிய டயரின் தடம் நீண்டு ஒடுங்கியிருக்கும்; தடித்த டயரின் தடம் குறுகி அகன்றிருக்கும்.

தடம் நீண்டால் டயரின் பக்கச் சுவர் கூடுதலாக மடங்கி நிமிர வேண்டும். மடங்கும்போது ரப்பர் வாங்கிக்கொள்ளும் ஆற்றலை நிமிரும்போது முழுவதும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிப் போய்விடுகிறது. ஆகவே ஒரே ரகம், ஒரே அழுத்தம் என்றால் அகன்ற டயர்தான் சற்று எளிதாக உருளும். வியப்பாக இருக்கிறதல்லவா?

அப்படியானால் பந்தய வீரர்கள் ஏன் மெல்லிய டயரை நாடினார்கள்? அதில் மிகுந்த அழுத்தத்தில் காற்றடிக்கலாம், எடை குறைவு, எதிர்காற்றும் குறைவாகவே தடுக்கும். ஆனால் அவர்களும் மனம் மாறிவிட்டார்கள். பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 2000-களில் 23 மில்லிமீட்டர் டயர்தான் வழக்கம். இன்று 28 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் போடுகிறார்கள். சாலை கண்ணாடிபோல் இருப்பதில்லை. கல்லாய் இறுகிய டயர் ஒவ்வொரு சிறு மேட்டிலும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது; அதில் வீணாகும் ஆற்றலும் மிதிப்பவர் காலிலிருந்துதானே வரவேண்டும்? 1888-இல் பெல்பாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்ததும் இந்தக் குலுக்கலை ஒழிக்கத்தான்.

இனி எடையைப் பார்ப்போம். தடித்த டயர்கள் இரண்டும் சேர்ந்து 600 கிராம் கூடுதல் என்று கொள்வோம். டயர் முன்னே நகர்வதோடு சுழலவும் செய்வதால், வேகமெடுக்கும்போது அதன் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகக் கணக்கில் சேரும். மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தை எட்ட இந்த 600 கிராமுக்காக நாம் செலவிடும் ஆற்றல் 15 ஜூல். வழியில் 20 முறை நின்று புறப்பட்டாலும் 300 ஜூல்தான்.

காற்று குறைந்த டயரின் கணக்கோ வேறு. நன்றாகக் காற்றடித்த வண்டியை உருட்ட 3.5 நியூட்டன் விசை தேவை என்றும், காற்று இறங்கியபின் அது இரட்டிப்பாகிறது என்றும் கொள்ளுங்கள். பள்ளி 4 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் கூடுதல் வேலை 3.5 × 4000, அதாவது 14,000 ஜூல்! உங்களையும் வண்டியையும் 20 மீட்டர் உயரத்துக்கு, ஏறத்தாழ ஆறு மாடிக்கு, தூக்கும் வேலை இது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை.

அதனால்தான் எனக்கு டயரின் பருமனைப் பற்றிய வாதத்தில் அவ்வளவாக ஆர்வமில்லை. மணற்பாங்கான பாதையில் வருபவருக்குத் தடித்த டயர் நல்லது, அது புதையாது. தார்ச் சாலையில் பெரிய பட்டன்கள் வீண் சுமை. ஊரில் பலரும் ஓட்டும் 28 × 1½ டயர் நம் சாலைகளுக்குப் பொருத்தமானதே. குறை அதற்குள் இருக்கும் காற்றில்தான்.

தமிழ்நாட்டில் 11-ஆம் வகுப்பு மாணவ மாணவியருக்குப் பல ஆண்டுகளாக அரசு விலையில்லாச் சைக்கிள் வழங்கி வந்திருக்கிறது. ஆனால் உங்கள் பள்ளிச் சைக்கிள் கொட்டகையில் ஒரு பம்பு இருக்கிறதா? டியூபின் ரப்பர் வழியே காற்று மெல்ல மெல்லக் கசிந்துகொண்டேயிருக்கும். வால்டியூப் நைந்திருந்தால் இன்னும் விரைவாக இறங்கும். சைக்கிள் கடை இல்லாத ஊரிலிருந்து வரும் மாணவி என்ன செய்வாள்? ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு நல்ல பம்பும் சிறிது வால்டியூபும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தலைமையாசிரியரிடம் கேளுங்கள். தயக்கமாக இருந்தால் மேற்கண்ட கணக்கைக் காட்டிக் கேளுங்கள்.

நான் சொன்ன எண்களையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். வண்டிப் போக்குவரத்து இல்லாத ஒரு சிறு சரிவைத் தேர்ந்தெடுங்கள். உச்சியிலிருந்து மிதிக்காமல் உருண்டு வந்து, வண்டி தானாக நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு டயருக்குக் காற்றடித்து, அதே ஆள், அதே பையுடன் மீண்டும் உருளுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.