ஜனாஸா வீடுதான் பெண்ணுக்கு அரசியல் வாசலா?

மருதமுனை முதல் பொத்துவில் வரை நீளும் நமது கரையில் தேர்தல் மேடைகளுக்குப் பஞ்சமில்லை. அம்மேடைகளில் பெண்களுக்கு இடமுண்டா? வேலிக்கு அப்பால் நின்று கேட்க இடமுண்டு. வரிசையில் நின்று வாக்களிக்க இடமுண்டு. வேட்பாளராய் ஏறுவதற்கு மட்டும் இடமில்லை!

2000 செப்டம்பர் 16 ஆம் நாள் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் வீழ்ந்து மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் மறைந்தார். அடுத்த மாதமே அவர்தம் துணைவியார் பேரியல் அஷ்ரப் இம்மாவட்டத்தின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் புகுந்தார். இலங்கை அமைச்சரவையில் அமர்ந்த முதல் முஸ்லிம் பெண்ணும் ஆனார். அனுதாப வாக்கு என்றனர் சிலர். அப்படியே வைத்துக்கொள்வோம். கட்சி இரு கூறானபின், நுஆவின் தலைவியாக நின்ற அவரை 2001 இலும் 2004 இலும் மீண்டும் அனுப்பியது எது? நான்காண்டு காயாத கண்ணீரும் உண்டோ?

ஆழிப்பேரலைக்குப்பின் வீடமைப்புத் துறை அவர் பொறுப்பிலிருந்தது. நுரைச்சோலையில் சவூதி உதவியால் எழுந்த 500 வீடுகள் வழக்கில் சிக்கி, பல்லாண்டுகள் ஆளின்றிக் கிடந்தன. அதனைச் சுட்டிக் குறை கூறுவோர் கூறட்டும், தடுக்கமாட்டோம். ஆனால், ஆண் அமைச்சர் தவறினால் அந்த ஆளை மட்டும் குறை கூறுவோர், பெண் அமைச்சர் தவறினால் பெண்ணினத்தையே குறை கூறுவது எந்த நீதி?

2010 இல் அவர் தோற்றார். அதன்பின் இம்மாவட்ட மக்களின் வாக்கால் முஸ்லிம் பெண் ஒருவரேனும் பாராளுமன்றம் செல்லவில்லை.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்தின் கான்ஸ்டன்ஸ் மார்க்கியெவிச் 1918 இல் சிறையிலிருந்தே தேர்தலில் வென்றார். 1919 இல் தொழில் அமைச்சரானார். அந்நாடு அடுத்த பெண் அமைச்சரைக் கண்டதோ 1979 இல்! இடைக்காலத்தில் அங்கும் சபை புகுந்த பெண்களுள் பலர், மறைந்த தலைவர்களின் மனைவியரும் மக்களுமே. அறுபதாண்டு வீணானபின் அந்நாடு விழித்தது. வேட்பாளர்களுள் 30 சதவீதமேனும் பெண்கள் இல்லையேல் கட்சிக்குரிய அரச நிதியில் பாதி போகும் என 2012 இல் சட்டம் இயற்றியது. 2023 இல் அதனை 40 சதவீதமாக உயர்த்தியது.

இங்கோ, உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீதம் ஒதுக்கும் சட்டம் 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. பாராளுமன்றத்திற்கு அத்தகைய சட்டம் எதுவுமில்லை. 225 உறுப்பினருள் பெண்கள் பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை.

"நமது வழக்கத்திற்கு ஒவ்வாது" என்பர் சிலர். எந்த வழக்கம்? தாய்வழியாகக் குடி எண்ணும் கரை இது. வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்து மருமகனை அங்கு குடிவைக்கும் கரை இது. தாயின் குடியைச் சொல்லிப் பள்ளிவாசலில் மரைக்காராய் அமர்ந்தோர், அத்தாய் சபையில் அமர்வது தகாது என்பதா? வீடு அவள் பெயரில். நாடு மட்டும் அவளுக்கு அந்நியமா?

1931 முதல் இந்நாட்டுப் பெண்ணுக்கு வாக்களிக்கவும் போட்டியிடவும் உரிமையுண்டு. ஆகவே, தடை சட்டத்தில் இல்லை. வேட்புமனு எழுதும் கைகளில் இருக்கிறது. 2024 தேர்தலில் இம்மாவட்டத்திற்கு ஆசனங்கள் ஏழு. ஒரு பட்டியலுக்குப் பெயர்கள் பத்து. அப்பத்தில் மூன்றேனும் பெண்களுக்கு ஒதுக்காத கட்சிக்கு நமது வாக்கில்லை என்று உழவரும் உத்தியோகத்தரும் ஒருங்கே கூறட்டும்.

விதைநெல்லை அறையில் பூட்டிவைத்துவிட்டு விளைச்சலில்லை என்று புலம்பும் போடியார் நம்மூரில் உண்டா? கணவன் மௌத்தான பின்புதான் ஒரு பெண்ணின் ஆற்றல் நம் கண்ணில் படுமாயின், குறை அவளிடத்தில் இல்லை. நமது கண்ணில் உள்ளது.